அனுசுயாவின் பகல் தூக்கம்

சேக்காட்டில் என் வீட்டை ஒட்டி வரிசையாக நான்கு அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறேன். எல்லாருக்கும் ஒரே தண்ணீர்க் குழாய், பின்னால் ஒரே கக்கூஸ். ஒருவர் வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் கேட்கும். அதில் மூன்றாவது அறையில் குடியிருக்கிறாள் அனுசுயா. அவளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். எனக்கு எழுத வராது, சொல்ல வரும். அடித்ததை அடித்தான் என்றே எழுத வேண்டும், பூசி மெழுகக் கூடாது என்று எழுதிக்கொள்கிறவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அனுசுயா பட்டாபிராமில் பிறந்தவள். அப்பா சுமை தூக்கினார். பத்தாவதோடு படிப்பை நிறுத்தி, வேம்புலிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். வேம்புலி ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுபவன். பார்க்க நன்றாக இருப்பான், பேசினால் சிரிக்க வைப்பான். ஆனால் கை நீட்டுவான். பிள்ளை இல்லை. அவன் அம்மா ஜெகதாம்பாளும் அதே அறையில்தான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ரப்பர் கம்பெனியில் அனுசுயாவுக்கு வேலை. அச்சில் இருந்து வரும் ரப்பர் வளையங்களில் ஓரமாக நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை நுனி வளைந்த சின்னக் கத்தியால் சீவி எடுக்க வேண்டும். ஆறேழு வருடமாக நைட் ஷிப்ட். இருட்டும்போது கம்பெனி பஸ் வந்து கூட்டிப்போகும், வெயில் ஏறும்போது கொண்டுவந்து விடும். வந்ததும் குளிப்பாள், வீட்டைப் பெருக்குவாள், இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் படுப்பாள். ஊர் விழித்திருக்கிற நேரம்தான் அவளுக்கு ராத்திரி.

அந்தத் தூக்கத்தைத்தான் வேம்புலியால் பொறுக்க முடியவில்லை. மத்தியானம் சாப்பிட வருவான். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்கும்.

"இன்னாடி, பட்டப்பகல்ல பொணம் மாறி படுத்துகினு கீற?"

"ராவெல்லாம் நின்னுகினே வேலை செஞ்சிட்டு வந்தேன்யா. அத்தே சோறு போடுவாங்க, துன்னு."

"எங்கம்மா போடறதுக்கு உன்ன எதுக்குடி கட்டிகினேன்? பகல்ல பொம்பள தூங்குற ஊடு வெளங்குமா?"

பிறகு ஒரு சத்தம். முதலில் கன்னத்தில் விழுகிற சத்தமாக இருந்தது. அப்புறம் காலால் உதைக்கிற சத்தம். ஒருநாள் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டுவந்து வாசலில் போட்டுக் குடத்துத் தண்ணீரை மேலே கவிழ்த்தான். இன்னொரு நாள் அவள் முகத்தைச் சுவரில் இடித்ததில் முன்பல் உடைந்தது. உடைந்த பல்லைத் துப்பிவிட்டு எழுந்து போய் அவனுக்குக் கருவாடு வறுத்தாள். நான் போய்க் கத்துவேன். "ஆயா, நீ வாடகைய மட்டும் கேளு" என்பான். அடுத்த நாள் எனக்குப் பன் வாங்கிக்கொண்டு வந்து தருவான். நான் வாங்கமாட்டேன்.

அவள் மேல் கஞ்சி ஊற்றிய நாள் அவனை ஆவடி செக்போஸ்டில் போலீஸ் பிடித்து வண்டியை மடக்கிப்போட்டிருந்தார்கள். அந்த ஆத்திரத்தோடு வந்தான். ஜெகதாம்பாள் அப்போதுதான் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். அனுசுயா சுவர்ப் பக்கம் திரும்பி நல்ல தூக்கம். முந்தின ராத்திரி கம்பெனியில் ஆள் குறைவு என்று இரண்டு மேசை வேலையை அவளே பார்த்திருக்கிறாள். அவன் கூப்பிட்டிருக்கிறான். எழுந்திருக்கவில்லை. கொதிக்கிற வடிகஞ்சிப் பாத்திரத்தைத் துணியால் பிடித்துத் தூக்கி அவள் கால்மேல் ஊற்றிவிட்டான்.

அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை. தூக்கம் கலையாமலே எழுந்து ஓடினாள். வாசல்படியில் வழுக்கி விழுந்தாள். இடது காலில் முழங்காலுக்குக் கீழே கணுக்கால் வரை வெந்துபோயிருந்தது. ஒட்டியிருந்த பாவாடையை எடுத்தபோது தோல் அதோடு சேர்ந்து வந்தது. ஜெகதாம்பாள் பல் தேய்க்கிற பேஸ்டைப் பிதுக்கிக்கொண்டு வந்தாள். நான் அவளைத் தள்ளிவிட்டுக் குழாயைத் திறந்து காலை அதன் கீழே பிடித்தேன். வேம்புலி உள்ளே உட்கார்ந்து வெறும் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரியில் பாத்திரம் தவறி விழுந்தது என்று அனுசுயாவே சொன்னாள். நான் வாயைத் திறந்தபோது என் கையை நகம் பதியக் கிள்ளினாள்.

இனிமேல்தான் பெரிய கூத்து. எங்கள் பக்கத்தில் புண் பட்டவர்களைப் பகலில் தூங்கவிடமாட்டார்கள். அம்மை குத்தினாலும் சரி, ஆபரேஷன் செய்துகொண்டாலும் சரி, பிள்ளை பெற்றாலும் சரி, பகலில் கண் அசந்தால் நீர் கோத்துக்கொள்ளும், சீழ் வைக்கும் என்று பக்கத்திலேயே ஒருத்தி உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பாள். எனக்கு இப்போதும் அதில் நம்பிக்கை உண்டு. யார் சிரித்தாலும் சரி. பகலில் உழைத்து ராத்திரி படுக்கிறவளுக்கு அது சரிதான். ஆனால் ராத்திரி முழுக்க நிற்கிறவளுக்கு?

ஜெகதாம்பாள் அதை யோசிக்கவில்லை. மருமகள் கால் சீக்கிரம் ஆற வேண்டும் என்பதில் அவளுக்குக் கபடம் கிடையாது. கம்பெனியில் கொடுத்த லீவு முடிந்ததும் அனுசுயா காலில் துணியைச் சுற்றிக்கொண்டு நைட் ஷிப்டுக்குப் போக ஆரம்பித்தாள். காலையில் திரும்பி வருவாள். ஜெகதாம்பாள் அவளைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்து, முன்னால் பூண்டைக் கொட்டுவாள். உரி என்பாள். பூண்டு முடிந்தால் மிளகாய்க் காம்பு. கண் சொருகினால் காதருகே தட்டில் கரண்டியால் தட்டிச் சத்தம் எழுப்புவாள், தண்ணீர் தெளிப்பாள், காது மடலைத் திருகுவாள்.

"அத்தே, கொஞ்ச நேரம் வுடு அத்தே. தலையெல்லாம் சுத்துது."

"தூங்காதடி எம்மா. சீ கோத்துக்கும். கால் ஆறட்டும், அப்புறம் நாள் பூரா தூங்கு."

வேம்புலிக்கு இது கொண்டாட்டம். அவன் செய்துவந்த வேலை இப்போது வைத்தியமாகிவிட்டது. சாப்பிட வரும்போது அவள் தலை தொங்கினால் பொளேரென்று அறைவான். "எங்கம்மா சொன்னா கேக்கணும். உன் நல்லதுக்குத்தான்" என்பான், சிரித்துக்கொண்டே. ஒருமுறை புண்ணின்மேலேயே செருப்புக் காலால் அழுத்தினான். கட்டுத் துணி வழியாக ரத்தமும் நீரும் கசிந்து தரையில் வழிந்தது.

புண் ஆறவில்லை. வாரங்கள் ஓடின. விளிம்பு வெளுத்தது, நடுவில் பச்சையாகச் சீழ் கட்டியது, பக்கத்தில் உட்கார்ந்தால் நாற்றம். கால் வீங்கி விரல்கள் பளபளத்தன. காய்ச்சல் வேறு. டாக்டர் பார்த்துவிட்டு, இது இப்படியே போனால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பித் தொடையில் தோல் எடுத்து ஒட்ட வேண்டும், விஷம் எலும்புக்குப் போய்விட்டால் காலையே எடுக்க நேரலாம் என்றார். நின்று செய்கிற வேலை. கால் போனால் வேலை போகும், அப்புறம் வேம்புலி கையில்தான் சோறு. அதை அவள் முகத்தில் பார்த்தேன்.

கட்டுப் போடுகிற சிஸ்டர் நசீம் பானு. பூந்தமல்லிக்காரப் பெண், கறாரானவள், கை மட்டும் பூ மாதிரி. அன்றைக்கு நானும் ஜெகதாம்பாளும் கூடப் போயிருந்தோம். புண்ணைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"சர்க்கரை இல்ல. மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்க. அப்புறம் ஏன் இப்படி இருக்கு? எப்பம்மா தூங்குறீங்க?"

ஜெகதாம்பாள் பெருமையாகச் சொன்னாள். "தூங்க வுடறதே இல்ல சிஸ்டர். கண்ண மூடினா தண்ணி தெளிச்சிடுவேன்."

"ராத்திரி?"

"ராவுக்கு வேலைக்குப் போறா."

நசீம் பானு கையில் இருந்த இடுக்கியைத் தட்டில் வைத்துவிட்டாள். "பாட்டிம்மா, அப்ப இவங்க தூங்குறதே இல்லையா?"

"பஸ்ல தூங்குவா."

"புண்ணை நான் ஆத்தல. மருந்தும் ஆத்தல. ஒடம்புதான் ஆத்துது. அதுக்கு ஒரு மணிக்கணக்கு இருக்கு. எப்ப வெளிச்சம், எப்ப இருட்டு, எப்ப தூக்கம்னு பார்த்துதான் தோலை தைக்கிற வேலை நடக்கும். பகல்ல பட்ட காயத்தைவிட ராத்திரி பட்ட காயம் ஆற கூடுதலா நாள் புடிக்கும். அதையே கணக்குப் பார்த்து கண்டுபிடிச்சிருக்காங்க. இவங்க ஒடம்புக்கு எது பகல், எது ராத்திரின்னே தெரியல. இத்தனை வருஷமா நைட் வேலை, இப்ப பகல்லயும் முழிப்பு. தைக்கிறவன் எப்ப வர்றதுன்னு தெரியாம நிக்கிறான்."

"அப்ப பகல்ல தூங்குனா சீ கோக்காதா?"

"தூங்காததாலதான் கோக்குது. பகல் வேலை கெடைச்சா நல்லது. கெடைக்கலன்னா, தெனமும் ஒரே நேரத்துல, இருட்டு ரூம்ல, யாரும் எழுப்பாம தூங்கணும். லீவு நாள்லயும் அதே நேரம். இது பாதி மருந்து."

அனுசுயா மெதுவாகச் சொன்னாள். "எழுப்புவாரு சிஸ்டர்."

நசீம் பானு அவள் உடைந்த பல்லைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள். "கஞ்சிப் பாத்திரம் எப்படி தவறி விழுந்துச்சு?" என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் ஜெகதாம்பாள் என்னிடம், "கமலம், உன் ஊட்டு மாடியில ஒரு பேனர் கீதே, அத்த குடு" என்றாள். யாருடைய காதுகுத்துக்கோ அடித்த பிளக்ஸ் பேனர். அதை மடித்து ஜன்னலில் அடித்தாள். கதவிடுக்கில் பழைய புடவையைச் செருகினாள். பட்டப்பகலில் அறை கிணறு மாதிரி இருண்டது.

"இன்னா அத்தே பண்ற?"

"படு."

"பூண்டு?"

"பூண்டைக் குப்பையில போடு. படுறி."

அன்றிலிருந்து ஜெகதாம்பாள் வாசல்படியில் காவல். நானும் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருவேன். முன்பு அவளைத் தூங்கவிடாமல் எப்படிப் படுத்தினாளோ, அதே பிடிவாதம் இப்போது ஊர் மேல் திரும்பியது. பழைய இரும்பு வாங்குகிறவன் ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு வந்தான். கல்லை எடுத்து எறிந்தாள். அவன் வண்டிக் கண்ணாடி உடைந்தது. "அம்மா, உனக்குப் பைத்தியமா?" என்றான். "ஆமா, வா, கடிக்கிறேன்" என்றாள். அதற்குப் பிறகு எங்கள் தெருமுனையில் அவன் ஒலிபெருக்கியை நிறுத்திக்கொள்வான்.

வேம்புலி அந்த நாட்களில் திருத்தணிப் பக்கம் ஒரு கல்யாண வண்டி ஓட்டப் போயிருந்தான். அவன் இல்லாத அந்தக் கொஞ்ச நாளிலேயே கால் மாறியது. நாற்றம் நின்றது. வீக்கம் வடிந்தது. விளிம்பில் மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது. "வருது பாருங்க" என்றாள் நசீம் பானு. அனுசுயா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், கோயிலில் தீபம் பார்க்கிற மாதிரி.

அவன் திரும்பி வந்தது நல்ல உச்சி வெயிலில். குடித்திருந்தான். மூடிய கதவையும் படியில் அம்மாவையும் பார்த்தான்.

"இன்னாம்மா, உள்ள மகாராணி தூங்குறாளா?"

"ஆமாடா. சத்தம் போடாத. கால் ஆறிகினு வருது. இந்தா, இங்கயே துன்னு." தட்டை நீட்டினாள்.

"உன்னையும் மயக்கிட்டாளா?"

"என்ன எவளும் மயக்கல. சிஸ்டர் சொல்லிச்சு. தூங்கினாத்தான் தோலு வருமாம். தூங்கட்டும் நைனா, இன்னும் கொஞ்ச நாளு."

அவன் தட்டைக் காலால் எத்தினான். சோறு அவள் முகத்தில் அடித்தது. ஆட்டோவுக்குப் போய் ஜாக்கி ராடை எடுத்துக்கொண்டு வந்தான். ஜெகதாம்பாள் எழுந்திருக்கவில்லை, கதவில் முதுகைக் கொடுத்துக் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். "என்னத் தாண்டிப் போ பாக்கலாம்" என்றாள். அவன் தாண்டவில்லை. பெற்றவளின் மார்பில் உதைத்தான். அவள் அவன் காலைக் கட்டிக்கொண்டாள். ராடின் முனையால் அவள் தோளில் குத்தினான். எலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது, காய்ந்த விறகு மாதிரி. அப்போதும் விடவில்லை. தொடையில் கடித்தாள்.

நான் சும்மா இருப்பேனா. குழாயடியில் இருந்த இரும்பு வாளியைத் தூக்கி அவன் முதுகில் அடித்தேன். இரண்டாவது அடிக்கு ஓங்கினபோது என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். கண்ணில் பூச்சி பறந்தது. என்னைச் சுவரில் தள்ளிவிட்டு, அம்மாவைக் காலில் இருந்து உதறிவிட்டு, ராடால் கதவுத் தாழ்ப்பாளை இரண்டே போடில் பெயர்த்துவிட்டு உள்ளே போனான்.

வெயிலில் இருந்து அந்த இருட்டுக்குள் போனவனுக்குக் கண் தெரியவில்லை. "எங்கடி கீற?" என்று காற்றில் ராடை வீசினான். அது அலமாரியில் இடித்ததில் பாத்திரங்கள் சரிந்தன. அவளுக்கு இருட்டு பழக்கம். கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். கையில் கம்பெனியில் இருந்து கொண்டுவந்திருந்த பிசிறு சீவுகிற கத்தி.

ராடு பிடித்த கையில் மணிக்கட்டுக்கு மேலே இருந்து முழங்கை வரை ஒரே இழுப்பு. தினமும் ஆயிரம் வளையம் சீவுகிற கை, தடுமாறவில்லை. ராடு கீழே விழுந்தது. அதை எடுத்து அவன் முழங்காலில் அடித்தாள். அவன் மண்டியிட்டதும் மறுபடி அடித்தாள். ரத்தம் பேனர் வரைக்கும் தெறித்திருந்தது. அவன்தான் கத்தினான். அவள் கத்தவே இல்லை. மூச்சு மட்டும் வாங்கியது.

"தூங்கிகினு கீறேன்" என்றாள். "எழுப்பாத."

தெரு ஆட்கள் வந்து அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நாங்கள் இரண்டு கிழவிகளும் பின்னாலேயே இன்னொரு ஆட்டோவில். அதே ஆஸ்பத்திரி, அதே நசீம் பானு. கையில் ஆட்டோக் கண்ணாடி கிழித்துவிட்டது என்று வேம்புலி சொன்னான். நசீம் பானு, தையல் போடுகிற டாக்டருக்கு நூல் எடுத்துக் கொடுத்துக்கொண்டே, "இந்த வீட்டுல எல்லாமே தானா தவறி விழுது" என்றாள்.

அவனுக்குத் தையல் பிரித்தது பத்து நாள் சுமாரில். ஆஸ்பத்திரியில் இருந்து அவன் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டான்; அங்கே ராத்திரியானால் குறட்டை விட்டுத் தூங்கினான் என்று கேள்விப்பட்டேன். கை முழுக்கக் கிழிந்த காயம், ஒரு கீறல்போல ஒட்டிக்கொண்டது. அனுசுயாவுக்கோ இன்னும் பாதிப் புண் திறந்தே கிடந்தது. நசீம் பானுவிடம் சண்டைக்கே போய்விட்டேன்.

"இது இன்னா நியாயம் சிஸ்டர்? ஊத்துனவனுக்கு ஆறிப்போச்சு, வாங்கிகினவளுக்கு ஆறல."

"பகல்ல பட்ட காயம், கத்தியும் சுத்தம், ராத்திரி தூங்குற ஒடம்பு. அது ஆறத்தான் செய்யும் பாட்டிம்மா. சதைக்கு நல்லவன் கெட்டவன் தெரியாது."

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்கும் பிடிக்கவில்லை.

கை சரியானதும் அவன் திரும்பி வருவான் என்று தெரியும். சொல்லியும் அனுப்பியிருந்தான், இந்தத் தடவை கஞ்சி இல்லை, ஆசிட் என்று. அதைக் கேட்டதும் ஜெகதாம்பாள் தோளில் கட்டோடு எழுந்தாள். என்னையும் கூட்டிக்கொண்டு மகளிர் காவல் நிலையத்துக்குப் போனாள். இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு முன்னால் நாற்காலியில் உட்காரவில்லை, நின்றுகொண்டே சொன்னாள்.

"கஞ்சி தவறி வுழலம்மா. ஊத்துனது எம்புள்ள. அடுப்பாண்ட நின்னு நான் பாத்தேன். என் தோளையும் ஒடைச்சான். ஆசிட் ஊத்துறேன்னு சொல்லிகினு கீறான். எழுதிக்கோங்க."

"பெத்த மவனம்மா. நாளைக்கு மாத்திப் பேசமாட்டீங்களே?"

"இவ கால் ஆறணும்மா. அவன் வெளிய இருந்தா இவ தூங்கமாட்டா. தூங்கலன்னா ஆறாது. இதுல மாத்திப் பேச இன்னா கீது?"

அவனை அக்கா வீட்டிலேயே பிடித்தார்கள். புழல் ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது. அன்று சாயங்காலம் ஜெகதாம்பாள் சாப்பிடவில்லை. புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள், சத்தம் வெளியே வந்துவிடக் கூடாதே என்று. உள்ளே அனுசுயா வேலைக்குப் போகுமுன் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பகல் ஷிப்ட் கேட்டாள். இடம் காலியானால் பார்க்கலாம் என்றார்கள். அதனால் அதே நைட் வேலை, அதே நேரத்தில் அதே இருட்டறைத் தூக்கம். லீவு நாளிலும் அப்படியே. சொந்தக்காரர் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. மழைக்காலம் முழுக்கப் புண் விளிம்பில் இருந்து உள்ளே உள்ளே சுருங்கிக்கொண்டே வந்தது. முதலில் உள்ளங்கை அளவு, அப்புறம் வெற்றிலைக் காம்பைக் கிள்ளி வைத்த மாதிரி ஒரு பொட்டு, அப்புறம் அதுவும் இல்லை. தோல் ஒட்ட வேண்டிய அவசியமே வரவில்லை.

கட்டை மொத்தமாகப் பிரித்த அன்று நாங்கள் மூன்று பேரும் போயிருந்தோம். புதுத் தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிசாக, ரோஸ் நிறத்தில், மயிர் இல்லாமல் பளபளத்தது. அனுசுயா அதை விரலால் தொட்டாள்.

"உணர்ச்சி இருக்கா?" என்றாள் நசீம் பானு.

"கீது சிஸ்டர். கொஞ்சம் மரத்தாப்ல கீது."

"இனிமே வர வேண்டாம். எண்ணெய் மட்டும் தடவுங்க. வெயில் படாம பாத்துக்கோங்க."

மாத்திரைச் சீட்டுக்காக வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். அனுசுயா தூங்குகிற நேரம் ஆகிவிட்டிருந்தது. எதிரே குழந்தைகள் அழுதுகொண்டிருந்தன, டோக்கன் நம்பரைக் கத்திக் கூப்பிட்டார்கள், ஜன்னல் வழியாக வெயில் நேராக முகத்தில் அடித்தது. அத்தனைக்கும் நடுவில் அவள் தலை ஜெகதாம்பாளின் நல்ல தோளில் சாய்ந்தது. வாய் லேசாகத் திறந்து, உடைந்த பல் தெரிந்தது.

ஒரு ஆள் தள்ளி உட்காரச் சொல்லி அவளைத் தொட வந்தான். ஜெகதாம்பாள் அவனைப் பார்த்த பார்வையில் நின்றுகொண்டே இருந்துவிட்டான். எங்கள் நம்பரைக் கூப்பிட்டார்கள், நான் போய் வாங்கி வந்தேன். ஆவடி பஸ் போனது, அடுத்ததும் போனது. பசி எனக்கு வயிற்றைக் கிள்ளியது. எழுப்பலாமா என்று நான் வாயைக்கூடத் திறக்கவில்லை. அவளாக எழுந்திருக்கும் வரைக்கும் உட்கார்ந்திருந்தோம்.